லேடி கிட்டாரிஸ்ட் ரெஜினாவும் ஒரு பூஸ்ட் பெட்டியும்

மதுராந்தகம் வரதனின் 'ஸ்வரமழை' இன்னிசைக் குழுவில் ரெஜினா கிட்டார் வாசித்தாள் என்பது பாதி உண்மை. வாசித்தாள். யாருக்கும் கேட்டதில்லை.

போஸ்டரில் மட்டும் குறை வைக்கவில்லை. வரதனின் கூப்பிய கைப் படத்துக்கு அடுத்தபடி, சிவப்புக் கொட்டை எழுத்தில் 'பிரபல லேடி கிட்டாரிஸ்ட் ரெஜினா' என்றுதான் அச்சாகும். செய்யூரிலிருந்து கருங்குழி வரை கல்யாணமோ, காதுகுத்தோ, ஆடித் திருவிழாவோ, கச்சேரி பேச வருகிறவர்கள் முதலில் கேட்பது, "அந்த கிட்டார் பொண்ணு வருதில்ல?" என்பதைத்தான். வரதன் எப்படிப் பாடுவார் என்று யாரும் கேட்பதில்லை. அவர் பாடிக் கேட்டவர்கள் மறுபடி வருவதும் குறைவு. ஆனால் தாலுகாவில் ஊர்கள் நிறைய இருந்தன.

ரெஜினா செங்கல்பட்டில் ஒரு வக்கீலிடம் டைப் அடிக்கிற வேலையில் இருந்தாள். கிட்டார் அவளிடம் வந்தது கருங்குழி சர்ச்சில். யாரோ தானம் கொடுத்த இசைக்கருவிகள் வந்து இறங்கிய அன்று பையன்கள் எல்லோரும் டிரம்முக்கு அடித்துக்கொண்டார்கள். கிட்டார் மூலையில் கிடந்தது. அவள் எடுத்துக்கொண்டாள். ஒரு பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு விரல் காய்க்கிற வரைக்கும் தட்டுத்தடுமாறி, ஆராதனையில் பாட்டுக்கு ஒத்து வாசிக்கும் அளவுக்கு வந்தாள். கல்யாணமான பிறகு சொந்தமாக ஒன்று வாங்கினாள். புடவைக்கடை வைத்திருந்த வரதன் ஒரு கிறிஸ்துமஸ் விழாவில் அவளைப் பார்த்தார். ஆம், பார்த்தார். அன்று மைக் வேலை செய்யவில்லை.

வரதனுக்கு இசையைப் பற்றி ஒரே ஒரு கொள்கை. "கிட்டாரு கண்ணுக்கு, கீபோர்டு காதுக்கு." கீபோர்டு வாசித்த ஹரிசங்கர் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்த பையன். அவன் கீபோர்டில் வீணை, ஷெனாய், கிட்டார், மழை, குதிரை எல்லாவற்றுக்கும் ஒரு எண் உண்டு. பாட்டுக்கு நடுவே கிட்டார் வர வேண்டிய இடத்தில் அவன் அந்த எண்ணை அழுத்தி வாசிப்பான். அதே இடத்தில் ரெஜினா மேடையின் முன்னால் வந்து வாசிப்பாள். ஜனங்கள் அவள் விரலைப் பார்த்துக்கொண்டு அவன் விரலைக் கேட்பார்கள்.

அச்சரப்பாக்கத்தில் ஒரு அம்மாள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து ரெஜினாவின் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இன்னா வெரலும்மா இது! தேனு!" பின்னால் கீபோர்டுக்கு உறை போட்டுக்கொண்டிருந்த ஹரிசங்கரின் முகம் வேப்பங்கொழுந்தைக் கடித்த மாதிரி ஆனது.

முதல் வருஷம் இந்தப் பாராட்டு ரெஜினாவுக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அடுத்த வருஷம் கூச்சமாக இருந்தது. அதற்குப் பிறகு எரிந்தது.

மேடையில் அவளுக்கென்று ஒரு ஆம்ப் இருந்தது. சின்ன ஸ்டூல் அளவு ஒலிப்பெட்டி. அதன் சத்தக் குமிழை அவள் கொஞ்சம் திருகினால், மைக் செட் சின்னராசு ஓடிவந்து பழையபடி குறைத்துவிடுவான். ஒருநாள் குமிழையே பிடுங்கி எடுத்துப் போய்விட்டான். குமிழ் போன இடத்தில் நீட்டிக்கொண்டிருந்த காம்பை அவள் குறடு வைத்துத் திருப்பினாள். அடுத்த கச்சேரிக்கு வந்தபோது காம்பைச் சுற்றிப் பசை ஊற்றி இறுக்கியிருந்தது.

"இன்னாண்ணா இது?" என்று கேட்டாள்.

"நான் இன்னாம்மா பண்றது? வரதண்ணன் சொல்லிச்சு. உன் சத்தம் வந்தா அண்ணன் பாடறது கேக்கலியாம்" என்றான் சின்னராசு.

ஆம்பைத் தொட முடியாது என்றானபின், ஆம்புக்கு முன்னால் ஏதாவது செய்ய முடியுமா என்று யோசித்தாள். செங்கல்பட்டில் புதிதாக வந்திருந்த ஒரு பிரௌசிங் சென்டரில், சுற்றிலும் பையன்கள் திரையை மறைத்து மறைத்துப் பார்த்துக்கொண்டிருக்க, ரெஜினா மட்டும் மறைக்காமல் உட்கார்ந்து தேடினாள். பூஸ்ட் பெடல் என்று ஒன்று இருந்தது. கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவில் தரையில் வைக்கும் ஒரு பெட்டி. காலால் மிதித்தால், உள்ளே போகிற சத்தத்தையே பெரிதாக்கி அனுப்பும். ஆம்ப் எந்த அளவில் ஒட்டிக் கிடந்தாலும் சத்தம் உயரும்.

வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள். பெஞ்சமின் ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை செய்தான்.

"பூஸ்ட் ஒண்ணு வாங்கணும்."

"பூஸ்ட்டு எதுக்கு? வூட்லதான் ஹார்லிக்ஸு கீதே!"

விளக்கியதும் பெஞ்சமினுக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. அவனுக்கு இசை தெரியாது. ஆனால் எந்தப் பொருளையும் பத்துக் கடை ஏறி இறங்கி, கடைக்காரனை அழவைத்து வாங்குவதில் தனக்கு நிகர் இல்லை என்ற எண்ணம் உண்டு. மறு சனிக்கிழமையே அவளைக் கிட்டாரும் கையுமாகச் சென்னைக்குக் கூட்டிப்போனான்.

அண்ணா சாலையில் கண்ணாடி வைத்த பெரிய கடை. டை கட்டிய விற்பனைப் பையன், ரெஜினா கேட்ட கேள்விக்கெல்லாம் பெஞ்சமினைப் பார்த்துப் பதில் சொன்னான்.

"சத்தம் கிழியக் கூடாதுங்க. இப்ப இருக்கற மாதிரியே இருக்கணும், பெருசா மட்டும் ஆவணும்" என்றாள் ரெஜினா.

"சார், இதைப் பாருங்க சார். பெரிய பெரிய பேண்ட்காரங்க இதைத்தான் எடுக்கறாங்க" என்று ஒரு ஆரஞ்சு நிறப் பெட்டியைப் பெஞ்சமினின் கையில் வைத்தான் பையன்.

பெஞ்சமின் அதைக் காதருகே கொண்டுபோய்க் குலுக்கிப் பார்த்தான். தேங்காய் வாங்கிய பழக்கம். "நல்ல வெயிட்டா கீதே" என்றான்.

"ஃபுல் மெட்டல் சார். சாருக்கு நல்லா விஷயம் தெரிஞ்சிருக்கு."

மிதித்துப் பார்த்தபோது அது பனைமட்டையைத் தார் ரோட்டில் இழுத்துக்கொண்டு போகிற சத்தம் போட்டது. வேண்டாம் என்றாள் ரெஜினா. "மேடம் என்ன எதிர்பார்க்கறாங்க சார்?" என்று பையன் பெஞ்சமினிடம் கவலையோடு விசாரித்தான். கடைசியில் உள் அலமாரியிலிருந்து ஒன்று வந்தது. அமெரிக்கப் பெட்டி. மிதித்தாள். அவள் கிட்டாரின் அதே குரல், பக்கத்து அறையிலிருந்து எழுந்துவந்து எதிரே உட்கார்ந்த மாதிரி இருந்தது. விலையைக் கேட்டதும் பெஞ்சமின் பெட்டியைத் தானே எடுத்து அலமாரியில் பத்திரமாக வைத்தான்.

"அந்தக் காசுக்கு ஒரு கறவ மாடு வாங்கலாம்" என்றான் திரும்பும் ரயிலில். "மாடாச்சும் பால் கொடுக்கும்."

அடுத்தது உள்ளூர் வழி. செங்கல்பட்டுப் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த ரேடியோ மெக்கானிக் ஒருவர், "அமெரிக்காக்காரன் இன்னா, வானத்துலேர்ந்தா குதிச்சான்? ரெண்டு டிரான்சிஸ்டர், நாலு ரெசிஸ்டர். நான் பண்ணித் தரேன்" என்றார். ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பாவில் பண்ணியும் தந்தார். சத்தம் ஏறத்தான் செய்தது. ஆனால் வரதன் கடை மாடியில் நடந்த ஒத்திகையில், காதல் பாட்டின் உருக்கமான இடத்தில் அவள் டப்பாவை மிதித்தபோது, ஆம்பிலிருந்து ஒரு கனத்த ஆண் குரல் புறப்பட்டது. "நிலக்கடலையைத் தாக்கும் சிவப்புக் கம்பளிப் புழுவைக் கட்டுப்படுத்த, வயலோரம் விளக்குப் பொறி வைத்து…" சோப்பு டப்பா வானொலியைப் பிடித்துவிட்டது. டிரம்ஸ்காரர் தரையில் உருண்டு சிரித்தார். வரதன் மட்டும் சிரிக்காமல், "யாருய்யா அது, நான் பாடறப்ப பேசறது?" என்றார்.

டப்பாவைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது மெக்கானிக் கொஞ்சமும் அசரவில்லை. "ஒரு காசுக்கு ரெண்டு சாமான் கிடைச்சிருக்கு, அதுக்குப் போயி கோவிச்சிக்கிறியே" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் மாமல்லபுரம் போனார்கள். போனது கடலுக்கு. ஒத்தவாடைத் தெருவில் வெள்ளைக்காரர்கள் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போகிற சாமான்களை வைத்து ஒருவர் கடை நடத்திக்கொண்டிருந்தார். பாதி படித்த நாவல்கள், தூங்கும் பைகள், ஒற்றைக் கால் செருப்பு. அவற்றுக்கு நடுவே கையகல இரும்புப் பெட்டி ஒன்று கிடந்தது. பச்சைப் பெயின்ட் உரிந்து, பேர் ஊர் எதுவும் இல்லாமல், ஒரே குமிழ், காலால் அமுக்கும் ஒரு பொத்தான், இரு பக்கமும் வயர் செருகும் ஓட்டை. ரெஜினாவுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"மூஞ்சிய உம்முனு வெச்சிக்கோங்க. நான் பேசிக்கிறேன்" என்று புருஷனிடம் கிசுகிசுத்தாள்.

"இது இன்னாங்க?" என்று அசட்டையாகக் கடைக்காரரைக் கேட்டாள்.

"காலிங் பெல்லும்மா. ஜெர்மன் பெல்லு."

"ரெஜி!" என்று பெஞ்சமின் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கூவினான். "இது நம்ம பூஸ்ட்டுதானே? சென்னையில மாட்டு விலை சொன்னானே, அதே சாமான்!"

அந்த நொடியில் ஜெர்மன் பெல்லின் விலை ஏறியது. ஏறிய விலையைப் பாதிக்குக் கொண்டுவர பெஞ்சமினுக்கு ஒரு மதியம் முழுக்கப் பிடித்தது. அதையும் அவன் தன் சாமர்த்தியக் கணக்கில்தான் எழுதிக்கொண்டான்.

ரெஜினா சோதித்துப் பார்க்காமல் வாங்க மாட்டேன் என்றாள். பக்கத்தில் முத்துசாமி என்பவரின் மாடி ஓட்டலில் ஒரு கிட்டாரும் ஆம்பும் இருந்தன. வருகிற வெள்ளைக்காரர்கள் ஆசைப்பட்டால் தட்டட்டும் என்று வைத்திருந்தார். புது பேட்டரி போட்டு, வயரை மாட்டி, முதலில் பெட்டி இல்லாமல் ஒரு அடி வாசித்தாள். பிறகு மிதித்துவிட்டு அதே அடியை வாசித்தாள். கிழியவில்லை. இரையவில்லை. வானொலி வரவில்லை. அதே குரல் நிமிர்ந்து நின்றது. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்த காக்கா பறந்துபோனது. முத்துசாமி கல்லாவிலிருந்து எழுந்து வந்து, "இன்னொருவாட்டி வாசிம்மா" என்றார். அவளை யாரும் அப்படிக் கேட்டது அதுவே முதல் தடவை.

ஆடி மாதம் செய்யூரில் அம்மன் கோயில் திருவிழா. சாயங்காலக் கச்சேரிக்குக் கூட்டம் சவுக்குத் தோப்பு வரை நின்றது. மூன்றாவது பாட்டின் நடுவில் கிட்டார் இடம் வந்தது. ஹரிசங்கர் எண்ணை அழுத்தினான். ரெஜினா முன்னால் வந்து, செருப்பில்லாத காலால் பெட்டியை மிதித்தாள்.

வெளிவந்த முதல் சுரம் தப்பு.

ஒரு கட்டை தள்ளி விரலை வைத்துவிட்டாள். இத்தனை நாள் யாரும் கேட்காததில் தப்பாக வாசிக்கும் சுதந்திரத்துக்குப் பழகியிருந்தாள். அந்தத் தப்பு செய்யூர் எல்லை வரைக்கும் போய் வந்தது. விரலை இழுத்துச் சரியான இடத்தில் வைத்துத் தொடர்ந்தாள். இரண்டு கிட்டார் கேட்டதும் ஹரிசங்கர் பயந்து கையை எடுத்துவிட்டான். பிறகு ஒரு கிட்டார்தான் இருந்தது. கம்பி அதிர்வது, விரல் வழுக்குவது, எல்லாம் கேட்டது. கூட்டம் ஒரு நிமிஷம் குழம்பியது. முன் வரிசையில் ஒருவர், "இன்னாப்பா, இன்னிக்கு நெசமாவே வாசிக்குது!" என்றார். விசில் பறந்தது. வரதன் மைக்கைப் பிடித்துக்கொண்டு எந்த வரியில் பாட ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்றார்.

மறுநாள் புடவைக்கடைக்குக் கூப்பிட்டனுப்பினார். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டுதான் ரெஜினா போனாள். வரதன் காபி வரவழைத்தார்.

"ரெஜினாம்மா, அந்தப் பொட்டி சத்தத்த அப்டியே தூக்குதா?"

"தூக்குதுண்ணா."

"கொரலயும் தூக்குமா?"

"மைக்குல மாட்டக் கூடாதுண்ணா. விசில் அடிக்கும்."

"அடிக்கட்டுமே! நேத்து உனக்கு அடிச்சாங்களே, எனக்கு அடிச்சா ஆவாதா?"

அது வேறு விசில் என்று சொல்லிப் பார்த்தாள். வரதன் பெருந்தன்மையாகச் சிரித்தார். ஆவணி பிறந்ததும் அடுத்த கச்சேரி, அச்சரப்பாக்கத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. அவள் கைகழுவப் போன நேரத்தில் சின்னராசு பெட்டியை எடுத்து வரதனின் மைக்கில் மாட்டி, குமிழைக் கடைசி வரை திருகிவைத்தான். வரதன் சந்தனம் தரித்து, மணமக்களை வணங்கி, கண்ணை மூடி, கணபதி பாட்டுக்கு வாயைத் திறந்தார்.

வாயிலிருந்து எதுவும் வருவதற்குள் ஸ்பீக்கர்களிலிருந்து வந்துவிட்டது. அது விசில்தான். ரயில் எஞ்சின் விசில். மணப்பெண் மாலையைக் கீழே போட்டுவிட்டுக் காதைப் பொத்தினாள். குக்கர் வெடித்துவிட்டது என்று சமையல்காரர்கள் கரண்டியோடு வெளியே ஓடிவந்தார்கள். சின்னராசு பதறிப்போய் மெயின் சுவிட்சை இழுக்க, மண்டபமே இருண்டது. இருட்டில் பெண்ணின் தாய்மாமன் குரல் மட்டும் கேட்டது.

"யோவ், பாட்டுப் பாடக் கூப்ட்டமா, பன்னி அறுக்கக் கூப்ட்டமா?"

விளக்கு வந்தபோது வரதனின் விரல் ரெஜினாவை நோக்கி நீண்டிருந்தது. "லேடீஸ் கைல கரண்ட்டு சாமான் கொடுத்தா இப்டித்தாங்க. நான் அப்பவே சொன்னேன்."

ரெஜினா மேடையேறி வயரைப் பிடுங்கினாள். பெட்டியைப் பைக்குள் போட்டாள். "இது கரண்ட்டுல ஓடலீங்க, பேட்டரி" என்று தாய்மாமனிடம் மரியாதையாகச் சொன்னாள். பிறகு வரதனிடம் திரும்பி, "வரேண்ணா" என்றாள். பந்தியில் உட்கார்ந்திருந்த பெஞ்சமின் இலையை மூடாமல், கையும் கழுவாமல் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினான். பாயசம் வருவதற்குள் எழுந்ததைப் பற்றி பஸ்ஸில் கொஞ்ச நேரம் வருத்தப்பட்டான்.

அந்த மாதக் கடைசியிலேயே ஸ்டேஷன் சுவரில் புது போஸ்டர். 'பிரபல லேடி கிட்டாரிஸ்ட் ஹம்சினி.' வரதனின் மனைவிக்குத் தங்கை மகள். பார்க்க லட்சணமான பெண். கிட்டார் தெரியாது. அதனால் தொந்தரவும் இல்லை. ஆம்ப், வயர், பேட்டரி எல்லாச் செலவும் மிச்சம் என்று வரதன் சந்தோஷப்பட்டதாகச் சின்னராசு பெஞ்சமினிடம் சொன்னான். "மச்சான், அந்த கிட்டாருல ஆறு கம்பி கூட இல்ல. அஞ்சுதான் கீது. ஒருத்தனும் கண்டுக்கல."

வேலை போனதில் ரெஜினாவுக்குப் பெரிய துக்கம் இல்லை. கருங்குழி கடைத்தெருவில் ஒரு பெண் அவளை வழிமறித்து, "முந்தாநேத்து மதுராந்தகத்துல ஜோரா வாசிச்சியே கண்ணு! முடிய கட் பண்ணிக்கினியா?" என்று கேட்டபோதுதான் வலித்தது. அந்தக் கச்சேரி அன்றைக்கு அவள் வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

முத்துசாமியின் மாடி ஓட்டலுக்கு அவளே போய்க் கேட்டாள். அவர் மறக்கவில்லை. சனி, ஞாயிறு சாயங்காலங்களில் வாசிக்கலாம், சாப்பாடும் உண்டு என்றார். பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவும் அவர் கேட்டவை. ரெஜினா பூவுக்கு ஒப்புக்கொண்டாள், பட்டுக்கு இல்லை. கடல் காற்று இரைச்சலில் கடைசி மேஜை வரை கேட்க வேண்டும் என்பதால் பெட்டி எப்போதும் மிதித்தபடியே இருந்தது. பார்சல் ஆபீசில் பெஞ்சமின், "நான் தேடிப் புடிச்ச சாமான்" என்று சொல்லிக்கொண்டான். கிட்டார் வாங்கப்போன ஒன்றிரண்டு பையன்கள் அவனிடம் யோசனை கேட்கவும் வந்தார்கள். வெயிட்டைப் பார்த்து வாங்குங்கள் என்று அனுப்பிவைத்தான்.

இரண்டு வருஷம் கழிந்து ஒரு சனிக்கிழமை, புடவை வியாபாரிகள் சிலரோடு வரதன் அந்த மாடிக்கு மீன் சாப்பிட வந்தார். ரெஜினா மூலையில் உட்கார்ந்து கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் நண்பர்களிடம், "நம்ம ட்ரூப்புல வளந்த பொண்ணு" என்று அறிமுகம் செய்துவிட்டு, வஞ்சிரத் துண்டோடு எழுந்து வந்தார்.

"ரெஜினாம்மா! வந்ததுலேர்ந்து கேட்டுகினே கீறன். இன்னா வாசிப்பு! அப்டியே உருக்கிட்ட. பழசெல்லாம் மறந்துடு. மாசிக்கு ஒரு பெரிய புரோகிராம் வருது, நீதான் வரணும்."

"இது வரைக்கும் ஓடுனது ஓட்டல் சிடிண்ணா" என்றாள் ரெஜினா. "நான் இன்னும் ஆரம்பிக்கல."

முத்துசாமி சிடியை நிறுத்தினார். வரதன் கையிலிருந்த மீனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தன் மேஜைக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். ரெஜினா வயரை மாட்டி, ஒரு பழைய மெட்டை எடுத்துக்கொண்டு நிதானமாக ஆரம்பித்தாள். கடைசி மேஜையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். வரதன் ஒரு பாட்டு முழுக்க அசையாமல் கேட்டார். இரண்டாவது பாட்டு பாதியில் அவருக்கு செல்போன் அடித்தது. "ஆமாம்பா, இங்கதான், மகாபலிபுரத்துல ஒரு கச்சேரியில கீறன்" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே மாடிப்படி இறங்கிப் போனார்.

ரெஜினா வாசித்துக்கொண்டிருந்தாள்.